இருப்பைக் கரைத்த ஆறு வாரங்கள்

நம் வயதுக்காரர்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். சாமான் எட்டுப் பேருக்கு இருக்கும். பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். மளிகைச் சீட்டு மட்டும் இளைப்பதே இல்லை. துவரம்பருப்பு இரண்டு கிலோ, உளுந்து இரண்டு கிலோ என்று கை பழகியபடி எழுதிக்கொண்டே போகும். போதாததற்குப் பிரிட்ஜ் வேறு. அதன் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்பது பனிக்கட்டிக்குத்தான் தெரியும்.

இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாயமும் குதிரும் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். புளியை வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார்கள். மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் வெயில் காலத்திலேயே காய்ந்து உள்ளே போய்விடும். அதோடு 1965, 66 பஞ்ச காலமும் நமக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. அரிசிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். அமெரிக்கக் கோதுமையைக் கையில் கொடுத்து, இதை என்ன செய்வது என்று தெரியாமல் என் அம்மா குருணையாக உடைத்துக் கஞ்சி வைத்ததைக் குடித்திருக்கிறேன். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு ஊரையே புரட்டிப் போட்டது என்றால் சும்மாவா? அந்தக் காலத்தைக் கண்ட கை, அலமாரியில் ஒரு டப்பா காலியாக இருந்தால் பொறுக்காது.

அப்படிச் சேர்ந்து கிடந்த இருப்புதான் எங்கள் இருவரையும் ஆறு வாரம் காப்பாற்றியது. அதை எப்படிக் கரைத்தோம் என்பதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றுகிறது.

நடந்தது இதுதான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மழை பெய்து பாசி பிடித்திருந்த கொல்லைப்புறத்தில் என் மனைவி வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. நல்லவேளையாக அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். படம் எடுத்தது, கட்டுப் போட்டது, வாடகைக் கார், வாக்கர், மருந்து என்று கையில் இருந்த ரொக்கம் கரைந்துவிட்டது. ஓய்வூதியம் வருவதற்கோ இன்னும் நாள் இருந்தது.

அன்று ராத்திரியே மகன் போனில், "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா. இனிமே அங்க தனியா இருந்தது போதும்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் நல்ல பிள்ளை. ஆனால் நான்காவது மாடி வீட்டுக்கு ஒரு தடவை பெட்டியோடு போய்விட்டால் கும்பகோணத்துக்குத் திரும்பி வருவது என்பது பேச்சோடு போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "ஆறு வாரம் பாப்போம்டா, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். "சமையலுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். வேலையில் சேர்ந்த புதிதில் ஐந்து வருஷம் தனி அறையில் பொங்கித் தின்றவன் நான். சமையல் பிரச்சினை இல்லை. அவளைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் அலைவதுதான் பிரச்சினை. அதனால் வீட்டில் இருப்பதை வைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்தோம். பால், தயிர், முட்டை, தெருவில் வரும் காய் வண்டியில் ஏதாவது கொஞ்சம், இவை மட்டும் வெளியிலிருந்து.

நான் மின்வாரியப் பண்டகசாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதலில் இருப்பெடுப்பு, பிறகுதான் மற்றது. கூடத்தில் கட்டிலில் சாய்ந்தபடி அவள் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக எடுத்து வந்து எடை பார்த்து, பழைய டைரியில் எழுதினேன். "என்னங்க, மூணாவது தட்டுல எவர்சில்வர் தூக்குக்குப் பின்னாடி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும் பாருங்க, அதுல மாவத்தல்." போய்ப் பார்த்தால் சொன்ன இடத்தில் சொன்ன பாட்டில். உள்ளே ஒரு துண்டுக் காகிதம், அதில் பென்சிலால் 'வைகாசி' என்று எழுதியிருக்கும். எங்கள் பண்டகசாலையில் நாலு குமாஸ்தா சேர்ந்து பதிவேடு வைத்தும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அன்றைய கணக்கு இது. துவரம்பருப்பு 4 கிலோ, உளுந்து 3 கிலோ, பச்சரிசி 5 கிலோ, கடலைமாவு 2 கிலோ, ரவை ஒன்றரை கிலோ, அவல் 1 கிலோ, கேழ்வரகு மாவு 1 கிலோ, பாசிப்பயறும் கறுப்புக் கொண்டைக்கடலையும் ஒவ்வொரு கிலோ, காய்ந்த மொச்சை முக்கால் கிலோ, சர்க்கரை 4 கிலோ, சேமியா மூன்று பாக்கெட். தீபாவளிப் பலகாரத்துக்கென்று வாங்கியது பாதி. ரேஷனில் கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் மாதாமாதம் வாங்கிச் சேர்ந்தது மீதி. புழுங்கலரிசி மூட்டை தனி. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், மாங்காய் வற்றல்கள், மோர்மிளகாய், ஒரு ஜாடி தாளிப்பு வடகம், நாகப்பட்டினத்திலிருந்து வந்த நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ. பிரீசரில் தை மாதம் மலிவாகக் கிடைத்தபோது உரித்து வைத்த பச்சைப் பட்டாணி மூன்று பை, தேங்காய்த் துருவல் நான்கு டப்பா, ஒரு கிலோ வஞ்சிரம், இஞ்சி பூண்டு விழுது.

எழுதி முடித்ததும் மூன்றாகப் பிரித்தோம். சீக்கிரம் கெடுகிறது, ஒரு மாதம் தாங்குகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது. பிரீசர் சாமான், அவல், ரவை, மாவு வகைகள் முதல் வரிசை. மழைக்காலத்தில் ரவையிலும் மாவிலும் வண்டு விழ ஒரு வாரம் போதும். ரவையை அன்றே வெறும் வாணலியில் வறுத்து ஆற வைத்து மூடினேன். பருப்பு டப்பாக்களில் நாலு காய்ந்த மிளகாய் போட்டேன். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும் என்பது பண்டகசாலைச் சட்டம். சமையலறைக்கும் அதுதான்.

சிலவற்றைக் கழிக்கவும் செய்தோம். பூஞ்சணம் பூத்த நிலக்கடலையைக் கழுவி வறுத்துச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடாது. அந்தப் பூஞ்சண விஷம் வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைப் பாதிக்கும். சிக்கு வாடை அடித்த அரைப் பாட்டில் எண்ணெயும் போயிற்று. சிக்கனம் என்பது வயிற்றைக் குப்பைத்தொட்டி ஆக்குவதில்லை.

மூன்றாம் நாளே பிரீசருக்குச் சோதனை வந்தது. ராத்திரி பெய்த மழையில் எங்கோ மரம் விழுந்து மின்சாரம் போய்விட்டது. இந்த இடத்தில் ஒரு தகவலைச் சொல்லி விடுகிறேன். முழுக்க நிறைந்த பிரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். பிரிட்ஜின் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம்தான். இது பெரிய பிரீசருக்குச் சொல்லும் கணக்கு. நம் வீட்டுச் சின்னப் பெட்டிக்கு இன்னும் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் ஆகாத காரியம். நாங்கள் ஒரு துணியைக் கைப்பிடியில் கட்டிவிட்டோம், மறந்து போய்த் திறக்காமல் இருக்க. மறுநாள் சாயங்காலம் மின்சாரம் வந்தபோது மீனில் ஐஸ் இன்னும் கெட்டியாகவே இருந்தது. ஆனாலும் அன்றே பாதியைக் குழம்பு வைத்து, பாதியை வறுத்துவிட்டேன். ஐஸ் முழுதாக உருகிக் குளிரும் போய்விட்ட மீனை மறுபடி உறைய வைக்கக் கூடாது. மீனுக்கும் கறிக்கும் இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் அவல் உப்புமா, ரவா உப்புமா, கேழ்வரகு அடை, தோசை என்று மாற்றி மாற்றி. அடைக்குப் பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரை பறித்துச் சுவருக்கு மேலே நீட்டுவார். தோசைக்குத் தக்காளி இல்லாத நாளில் கடலைமாவுச் சட்னி. ஒரு வெங்காயத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் வதக்கி, இரண்டு கரண்டி கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டால் பத்து நிமிஷத்தில் ஆயிற்று.

மத்தியானத்துக்குக் காய் இல்லையே என்ற கவலையே வரவில்லை. திங்களன்று பருப்புருண்டைக் குழம்பு. ஊறிய துவரம்பருப்பை மிளகாய், சோம்போடு கொரகொரப்பாக அரைத்து, உருட்டி இட்லிப் பானையில் வேக வைத்து எடுத்தால் குழம்பில் உடையாது. ஒருநாள் மாவற்றல் போட்ட சாம்பார். ஒருநாள் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் பருப்புத் துவையலும். ஒருநாள் பட்டாணிச் சாதம். ராத்திரி பயறுக் கஞ்சி, சேமியா, அல்லது சாதத்துக்குப் பருப்புப்பொடி. பழைய சோறும் மோர்மிளகாயும் எனக்கு. அவளுக்கு அந்த மழைக் குளிரில் பழையது வேண்டாம் என்றுவிட்டாள்.

கறுப்புக் கொண்டைக்கடலை கொஞ்சம் அடம் பிடித்தது. பழைய கடலை, பழைய மொச்சை எல்லாம் அப்படித்தான். நாள்பட நாள்பட வேகும் நேரம் கூடும். ராத்திரி முழுக்க ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டேன். மசிந்தது.

டாக்டர், எலும்பு கூடுவதற்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். பட்டியலைப் பார்த்தால் அவர் சொன்னது எல்லாம் டப்பாவில்தான் இருந்தது. பயறு, பருப்பு, கடலை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு. நெத்திலியை முள்ளோடு தின்பதால் அதிலும் உண்டு. ஆனால் கருவாட்டில் உப்பு அதிகம், அவளுக்கு ரத்த அழுத்தமும் உண்டு. அதனால் வெந்நீரில் இரண்டு தடவை ஊற வைத்து அலசி, மொச்சையோடு சேர்த்துக் குழம்பு வைக்கும்போது உப்பே போடவில்லை. வாரத்துக்கு ஒருநாள்தான். வற்றல், ஊறுகாய், அப்பளத்துக்கும் அதே கணக்கு. இருப்பில் இருப்பதை வைத்து ஓட்டுகிறவர்கள் உப்பை மறந்துவிடக் கூடாது. நம் முன்னோர் சாமானைக் கெடாமல் வைத்தது பாதி வெயிலால், பாதி உப்பால்.

தீபாவளியன்று அதிரசமும் இல்லை, முறுக்கும் இல்லை. வறுத்து வைத்த ரவையில் கேசரி கிளறினேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சர்க்கரை தூக்கல்" என்றாள். "இருப்புல நாலு கிலோ இருக்கே, தீர்க்கணும்ல" என்றேன். விழுந்த பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அவளுக்குள் இருந்த பயம் வேறு ஒரு நாள் வெளியே வந்தது. நான்காவது வாரம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "என்னங்க, கட்டுப் பிரிச்சும் கால் சரியா வரலேன்னா? எதுக்கு உங்களுக்கு இந்த வயசுல அடுப்படி வேலை? தம்பிகிட்டயே போயிடலாமா?" என்று கேட்டாள். அழுகிறாளா என்று இருட்டில் தெரியவில்லை. எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. விறகுபோல் வீங்கிக் கிடந்த அந்தக் காலைத் தினமும் தலையணையில் தூக்கி வைக்கிறவன் நான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "இன்னும் ரெண்டு கிலோ துவரம்பருப்பு இருக்கு. அது தீரட்டும், அப்புறம் யோசிப்போம்" என்றேன். ஆறுதலாகச் சொல்லத் தெரியாத ஆளுக்கு அதுதான் வாயில் வந்தது. ஆனால் அதன் பிறகு தினமும் காலையில், "பருப்பு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் எடை போட்டுச் சொல்வேன். டைரியில் அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன.

கடைசி வாரத்துக்கு மிஞ்சியது எல்லாவற்றிலும் அடி மண்டி. கால் படி பயறு, ஒரு பிடி கடலை, கொஞ்சம் உளுந்து, கொஞ்சம் துவரை. எல்லாவற்றையும் பச்சரிசியோடு ஒன்றாக ஊறப் போட்டு, மிளகாயும் பெருங்காயமும் வைத்து அரைத்து அடை வார்த்தேன். கடைசித் தேங்காய்த் துருவலை மாவில் போட்டு, தாளிப்பு வடகத்தைப் பொரித்து நொறுக்கிப் போட்டேன். அந்த ஆறு வாரத்தில் அவள் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான்.

நாற்பத்திரண்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. கால் மெலிந்து, கணுக்கால் மடங்காமல் இருந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். சாதாரணமாக ஆறு வாரத்துக்கு எங்கள் மளிகை, காய், மீன், பால் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் பிடிக்கும். இந்த ஆறு வாரத்தில் ஆனது 3,460 ரூபாய். மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் அப்படியே காலுக்குப் போயிற்று. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாக்கரைப் பிடித்து அவள் முதலில் நடந்துபோன இடம் வாசல் இல்லை, சமையலறை. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாட்டில்கள். "இவ்ளோ எடமா இருந்துச்சு இதுல?" என்றாள். அப்புறம், "மாவத்தல எங்கங்க?" "தீர்ந்துடுச்சு." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அடுத்த சித்திரையில போட்டுக்கலாம்" என்றாள். மாடிப்படி ஏறினால்தான் வற்றல் காய வைக்க முடியும். அவள் அதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

இப்போது தட்டைத் தரையில் நடக்கிறாள். படி ஏறுவது இன்னும் பாதியில் நிற்கிறது. பொங்கலுக்கு வந்த மகன் பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை. சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த இருப்புப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, கொல்லைப்புறத்துக்குச் சிமெண்டுத் தளமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மளிகை இப்போது பாதியாகக் குறைத்து வாங்குகிறோம். ஒரு மாதத்து இருப்பை மட்டும் எப்போதும் வைத்துக்கொள்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழையும் புயலும் சொல்லிக்கொண்டா வருகின்றன? அந்த அளவு கையிருப்பு வேண்டும். அதற்கு மேல் சேருவதைக் கரைக்க மாதக் கடைசியில் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறோம். அந்த வாரம் கடைக்குப் போவதில்லை.

நண்பர்களுக்கு, முக்கியமாக அடுப்படிப் பக்கமே போகாத ஆண்களுக்கு, ஒன்று சொல்வேன். வீட்டம்மா நன்றாக இருக்கும்போதே ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தத் தட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே பிரீசரையும் ஒரு தடவை காலி செய்து பாருங்கள். அரை நாள் வேலைதான். எங்கள் பிரீசரில் இப்போது இந்தத் தையில் உரித்த பட்டாணி இரண்டு பை இருக்கிறது. பையில் அவள் கையெழுத்தில் மாதமும், அதற்குக் கீழே என் கையெழுத்தில் எடையும் எழுதியிருக்கிறது.